குழந்தைகள் வரையும் பூமி

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில், அங்கியோடு நின்றவர்களிடம் கோடைக்காலம் ஏன் வருகிறது என்று கேட்டது 1987இல் வெளிவந்த ஓர் ஆவணப்படம். மாணவர், ஆசிரியர், முன்னாள் மாணவர் என 23 பேரில் 21 பேர் பருவங்களையோ நிலவின் பிறைகளையோ விளக்க முடியாமல் தடுமாறினார்கள். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் கோடை என்பதுதான் பலரும் சொன்ன காரணம். உண்மையில் பூமி சூரியனை மிகவும் நெருங்குவது வடபாதியின் குளிர்கால மாதமான ஜனவரியில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கி.மீ.; ஜூலையில் 15.2 கோடி. அச்சின் 23.5 பாகைச் சாய்வால் வெயில் விழும் கோணமும் பகலின் நீளமும் மாறுகின்றன, அதுவே பருவம்.

இந்தத் தடுமாற்றத்தின் வேரைச் சிறுவர்களிடம் தேடியவர்களில் ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் ப்ரூவர் இருவரும் முக்கியமானவர்கள். 1992இல் வெளியான அவர்களது ஆய்வில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சிறுவர்கள் 60 பேர். பூமி எப்படி இருக்கும் என்றால் உருண்டை என்று சொல்லிவிடுகிறார்கள். நேராக நடந்துகொண்டே போனால் எங்கே போய்ச் சேருவாய் என்றதும் கதை மாறுகிறது. சிலருக்குப் பூமி தட்டு. சிலருக்கு இரண்டு பூமி: வானத்தில் உருண்டையாக ஒன்று, நாம் நிற்கும் தட்டை நிலம் இன்னொன்று. வேறு சிலர் மனிதர்களைப் பொள்ளலான உருண்டைக்குள், சமதளத்தில் குடிவைத்தார்கள். கண் பார்ப்பதையும் ஆசிரியர் சொல்வதையும் ஒருசேரக் காப்பாற்ற முயலும் இந்தக் குழந்தைகளை அறியாதவர்கள் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஹைதராபாத் சிறுவர்களிடம் நடந்த தொடர் ஆய்வில் (1996) பூமி தண்ணீரில் மிதந்தது. புராணமும் உள்ளே வந்துவிட்டது.

மறுப்பும் வந்தது. 2001இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பூகோள உருண்டையை முன்னால் வைத்துப் பேசியபோது சிறுவர்களின் குழப்பம் பெரும்பாலும் காணாமல் போனது. படம் வரையச் சொல்வதும் சுற்றிவளைத்துக் கேட்பதுமே பாதிக் குழப்பத்தை உண்டாக்கின என்பது மறுப்பாளர் வாதம். நானும் ஏறக்குறைய இந்தக் கட்சிதான். ஆனால் கையில் உருண்டை இருக்கும்போது கிடைக்கும் பதில் குழந்தையுடையதா, உருண்டையுடையதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் கோடை என்ற தவறான எண்ணத்தில் பாடநூல் படங்களுக்கும் பங்குண்டு. சாய்கோணத்தில் வரைவதால் பூமியின் பாதை முட்டை வடிவமாகத் தெரிகிறது. மேலிருந்து பார்த்து 20 செ.மீ. நீளத்துக்கு வரைந்தால், அகலம் 0.03 மி.மீ. அளவுக்கே குறையும், சூரியன் நடுவிலிருந்து 1.7 மி.மீ. தள்ளியிருக்கும். பார்ப்பவர் அதை வட்டம் என்றே சொல்வார்.

மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ஷமீன் படல்கர், ஜெயஸ்ரீ ராமதாஸ் இருவரும் உடலசைவுகளைக் கொண்டு வானியல் கற்பிப்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். நம் ஊருக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். பனி பெய்யும் நான்கு பருவப் படம் சென்னைக் குழந்தைக்கு எதையும் காட்டுவதில்லை. ஏப்ரல் பின்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அங்கே நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது, மற்ற மாதங்களில் வடக்கே. பள்ளி மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு இதைப் பார்த்துவிடலாம்.