நில்லாத ஊழியம்: ஜப்பானில் இளம் மிஷனரிகளின் இரண்டு ஆண்டுகள்

ஜப்பானின் மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ ஒரு சதவீதம். சவேரியார் காலத்தில் தொடங்கி, நடுவில் இரண்டரை நூற்றாண்டுத் தடையைத் தாண்டி, இன்றுவரை மறைப்பணி நடந்துவரும் நாட்டில் நிலைமை இதுதான். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அங்கே போய் இறங்குகிறார்கள். வெள்ளைச் சட்டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, தலைக்கவசம், சைக்கிள், எப்போதும் இருவராக. பெரும்பாலும் இவர்கள் மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் முழுநேர மிஷனரிகள். இந்தச் சபையின் இறையியலைப் பிற கிறிஸ்தவ சபைகள் பல ஏற்பதில்லை. அந்த வழக்கு இக்கட்டுரைக்கு வெளியே நிற்கட்டும். இங்கே ஆராய எடுத்துக்கொண்டது ஒரு நடைமுறை: இளைஞர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் அயல்நாட்டுக்கு அனுப்பி, கடுமையான ஒழுங்கில் வாழவைத்து, வீடு வீடாகப் போகச் சொல்லும் முறை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களின் வயதைக் குறைசொல்வோர் தவறான இடத்தில் கைவைக்கிறார்கள். இளமை இந்த ஊழியத்தின் பெரும் பலம். அந்தப் பலத்தை வீணாக்குவது ஓரிடத்தில் வேர்விட நேரம் தராத ஏற்பாடு.

அன்றாட ஒழுங்கு

ஆண்களுக்கு இருபத்து நான்கு மாதம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம். 2012இல் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயது பத்தொன்பதிலிருந்து பதினெட்டாகவும், பெண்களுக்கு இருபத்தொன்றிலிருந்து பத்தொன்பதாகவும் குறைக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் யூட்டாவின் ப்ரோவோ பயிற்சி மையத்தில் சில வாரங்கள் ஜப்பானிய மொழி படித்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். சம்பளம் கிடையாது. செலவைத் தாங்களோ குடும்பமோ ஏற்க வேண்டும்.

வழக்கமான நாள் காலை ஆறரைக்குத் தொடங்கும். உடற்பயிற்சி, காலை உணவு, தனியாக வேத வாசிப்பு, துணையுடன் சேர்ந்து படிப்பு, அதன்பின் மொழிப் படிப்பு. முற்பகலில் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பதை ஒட்டித்தான் வீடு. பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக, குடும்பத்துக்கு எழுத ஒதுக்கப்பட்டிருக்கும். தூங்கும்போதும் தெருவில் நடக்கும்போதும் துணையை விட்டுப் பிரியக்கூடாது. 2019 வரை வீட்டாரின் குரலைக் கேட்க ஆண்டுக்கு இரண்டு அழைப்புகளே அனுமதி. இப்போது வாரந்தோறும் பேசலாம்.

இந்த ஒழுங்கை ஜப்பானின் தெருவில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பாரம் தெரியும். ஜூன் மாதத்து அடைமழையிலும் ஆகஸ்டின் புழுக்கத்திலும் சைக்கிள் மிதிக்க வேண்டும். ஹொக்கைடோவில் பனிக்காலம் தொடங்கினால் நடைதான். புதிய அடுக்குமாடிக் கட்டடங்களில் வாசற்கதவே தானாகப் பூட்டிக்கொள்கிறது. உள்ளே போக வழியில்லை. பழைய கட்டடங்களில் மணி அடித்தால் ஒலிபெருக்கி வழியாக ஒரு மரியாதையான மறுப்பு வரும். வேலைக்குப் போனவர்கள் இரவு வெகுநேரம் கழித்தே திரும்புவார்கள். மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிச் சங்கப் பயிற்சி உண்டு. நாளெல்லாம் மறுப்பைக் கேட்டுவிட்டு மறுநாள் ஆறரைக்கு மறுபடியும் எழுவதே இந்த வாழ்க்கையின் மையம்.

பலம் எங்கே இருக்கிறது

முதல் பலம் கூலியில்லாமை. மதத்தைப் பணத்தோடு சேர்த்துச் சந்தேகிக்கும் ஒரு சமூகத்தில், சொந்தச் செலவில் வந்து எளிய வாடகை அறையில் தங்கியிருக்கும் இளைஞன் தன் நேர்மையைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பலம் மொழி. நெடுங்காலம் ஜப்பானில் வாழ்ந்தும் ஆங்கில வட்டத்தைத் தாண்டாத அயல்நாட்டார் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. கடைக்காரரிடமும் முதியவரிடமும் வாசலில் நின்று பேசியே ஆக வேண்டும். துணை ஜப்பானியராக அமைந்தால் சமையலறையே பள்ளிக்கூடமாகிவிடும். 1971இல் மிஷனரியாக வந்த கென்ட் கில்பர்ட் பின்னாளில் வழக்கறிஞராகி, ஜப்பானியத் தொலைக்காட்சியில் நாடறிந்த முகமானார். சபை நடத்தும் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஜப்பானிய மொழி வகுப்புகளில் ஊழியம் முடித்துத் திரும்பியவர்கள் நிறையப் பேர். ஜப்பானிய மொழி பேசத் தெரிந்த அமெரிக்கர்களின் ஒரு தலைமுறையையே இந்த முறை உருவாக்கியிருக்கிறது.

மூன்றாவது, இலவச ஆங்கில வகுப்பு. வாரம் ஒருமுறை சபைக் கட்டடத்தில் மிஷனரிகள் நடத்தும் உரையாடல் வகுப்புக்கு ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் மாணவர்களும் வருகிறார்கள். கதவு தட்டும்போது மிஷனரி அழையாத விருந்தாளி. வகுப்பில் அவர் பயன்படும் மனிதர். எதிரில் இருப்பவர் தானாக வந்தவர், வேண்டாமென்றால் அடுத்த வாரம் வராமல் இருக்கலாம். இந்தச் சமநிலையில்தான் உண்மையான பேச்சு தொடங்குகிறது. வகுப்பை நடத்துவது ஒரு சபை என்பதைத் துண்டறிக்கையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் இந்த முயற்சியில் குற்றம் காண ஒன்றுமில்லை.

எங்கே இடறுகிறது

ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் பட்டியல் வரும். துணை மாறலாம், ஊர் மாறலாம். ஒருவர் ஓர் ஊரில் இருப்பது பொதுவாகச் சில மாதங்கள்தான். ஜப்பானில் அண்டை வீட்டாரோடு நெருங்கவே ஓர் ஆண்டு வேண்டும். புத்தாண்டு வாழ்த்து அட்டையும் கோடைக்காலப் பரிசும் பரிமாறி, தெருத் துப்புரவு நாளில் சேர்ந்து நின்று, மெல்ல மெல்லத்தான் அங்கே உறவு கனியும். நாற்றைப் பிடுங்கி நட்ட சூடு தணியுமுன்னே மறுபடியும் பிடுங்கினால் பயிர் பிடிக்காது என்பது தஞ்சாவூர் உழவருக்கும் நீகாத்தா உழவருக்கும் ஒருபோலத் தெரியும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஊரின் தொடர்ச்சி உள்ளூர்ச் சபையிடம் இருக்கிறது, அதற்கு ஜப்பானியத் தலைவர் இருக்கிறார், மிஷனரி வெறும் உதவியாளர் என்பார்கள். பெரிய நகரச் சபைகளில் இது செல்லும். சில குடும்பங்களே கூடும் சிற்றூர்ச் சபையில் புதியவருக்குத் தெரிந்த முகம் மிஷனரியின் முகம்தான். அந்த முகம் போனபின் புதியவரும் வராமல் போகிறார்.

குறுகிய காலம் இன்னொரு நோயையும் வளர்க்கிறது: எண்ணிக்கை மோகம். சில மாதங்களில் ஊரைவிட்டுப் போகப்போகிறவரின் உழைப்பை எதைக்கொண்டு அளப்பது? எத்தனை பேரைச் சந்தித்தார், எத்தனை பாடம் நடத்தினார், எத்தனை ஞானஸ்நானம் என்று கணக்கு வைப்பதே எளிது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் டோக்கியோ தெற்கு மிஷனில் இது எல்லை மீறியது. அறிமுகமாகிச் சில நாட்களுக்குள்ளேயே இளைஞர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, ஆயிரக்கணக்கில் பெயர்களைச் சேர்த்தார்கள். அவர்களில் மிகப் பலர் அதன்பின் ஆராதனைக்கு வரவேயில்லை. அந்தச் சபையைச் சேர்ந்த ஆய்வாளர்களே இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். இன்றும் ஜப்பானில் சபைப் பதிவேட்டில் சுமார் 1,30,000 பெயர்கள் இருக்க, ஞாயிறன்று வருபவர்கள் அதில் சிறு பகுதியே. பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிட்ட இந்த நிகழ்ச்சி, வந்தவர்களுக்கும் துரோகம், ஊக்கத்தோடு உழைத்த பிள்ளைகளுக்கும் துரோகம்.

மூன்றாவது குறை அறியாமை. பாடப்புத்தகத்தையும் வேதத்தையும் தவிர வேறு வாசிப்புக்கு இந்த ஒழுங்கில் இடம் மிகக் குறைவு. ஆனால் அந்த வாசலில் நிற்பவருக்கு 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதப்பிரிவினர் சாரின் நச்சுவாயுவைப் பரப்பியது தெரிந்திருக்க வேண்டும். 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுடப்பட்டபின், சுட்டவரின் குடும்பத்தைப் போல ஒன்றிப்புத் திருச்சபைக்கு நன்கொடை கொடுத்தே அழிந்த குடும்பங்களின் கதை வெளிவந்ததும், அந்த ஆண்டு இறுதியில் முறையற்ற நன்கொடை வசூலைத் தடுக்கும் சட்டம் வந்ததும் தெரிந்திருக்க வேண்டும். இவை எதற்கும் இந்தப் பிள்ளைகள் பொறுப்பல்ல. ஆனாலும் கதவுக்குப் பின்னாலிருக்கும் தயக்கத்தை மனக்கடினம் என்று எண்ணிவிட்டால் அது பெரும் பிழை. அந்தத் தயக்கத்துக்கு ஓர் அண்மை வரலாறு இருக்கிறது.

அதேபோல், மதம் மாறுபவர் எதை விடுகிறார் என்பதையும் அவர்கள் முழுதாக உணர வேண்டும். வீட்டின் புத்தப் பீடத்தில் முன்னோருக்குச் சோறு படைப்பது யார், குடும்பக் கல்லறையைப் பராமரிப்பது யார் என்ற கேள்விகள் மூத்த மகனை விடாது. இந்தச் சபை மதுவோடு காபியையும் பச்சைத் தேநீரையும் விலக்கச் சொல்கிறது. விருந்தாளிக்கு முதலில் நீட்டப்படுவதே தேநீராக இருக்கும் நாட்டில், மிஷனரி பார்லித் தேநீரைக் கேட்டு வாங்கிச் சமாளிக்கலாம். அலுவலக விருந்துகளில் ஆயுள் முழுவதும் விளக்கம் சொல்ல வேண்டியவர் ஜப்பானியர். சில மாதம் பழகிய ஒருவர் கேட்கக்கூடிய விலையா இது?

வரலாறு சொல்வது

ஜப்பானின் மறைப்பணி வரலாற்றில் இதே கேள்வி முன்பும் எழுந்திருக்கிறது. பிரான்சிஸ் சவேரியார் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கினார். 1551 இறுதியில் திரும்பிவிட்டார். அவர் இருந்ததும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்தான். அந்த விதை முளைத்ததற்குக் காரணம், அவரோடு வந்த கோஸ்மே டி தோரஸ் 1570இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தது. இதற்கு முன்பே தமிழ்க் கரையிலும் இப்படித்தான் நடந்தது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் பரதவரிடையே சில ஆண்டுகளே பணிசெய்தார். பின்னால் வந்த அன்றீக் அடிகளார் சுமார் ஐம்பது ஆண்டுகள் தங்கித் தமிழை ஆழக் கற்றார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது அவரால்தான். தொடங்கிவைக்க இரண்டு ஆண்டு போதும். நிலைபெறச் செய்ய நிற்கிறவர் வேண்டும்.

மார்மன் சபையின் சொந்த வரலாறும் இதையே காட்டுகிறது. 1901 ஆகஸ்டில் யோகோஹாமாவில் இறங்கிய முதல் நால்வருக்குத் தலைவர் ஹீபர் ஜே. கிராண்ட். அனுபவமும் பதவியும் மிக்க அவர் மொழியில் தேறாமல் 1903இல் திரும்பினார். அவரோடு வந்தவர்களில் மிக இளையவர் ஆல்மா டெய்லர், வயது பத்தொன்பது. அவர் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கினார். சபையின் வேதநூலான மார்மன் நூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார், எழுத்தாளர் இகுதா சோகோவைப் போன்ற ஜப்பானிய அறிஞர்களிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினார், 1909இல் வெளியிட்டார். அன்று வென்றது இளமையும் நீண்ட இருப்பும் சேர்ந்த கூட்டு. 1924இல் மிஷன் மூடப்பட்டபோது உடன் நின்றவர்கள் நாரா ஃபுஜியா போன்ற ஒருசில ஜப்பானிய விசுவாசிகள்தான்.

சபைக்கு வெளியிலும் சான்று உண்டு. ஜப்பானியக் கிறிஸ்தவ ஊழியர் ககாவா தொயோஹிகோ 1909 கிறிஸ்துமஸ் முந்தைய இரவு கோபேயின் ஷின்காவாச் சேரிக்குள் குடிபோனபோது அவருக்கு இருபத்தொரு வயது. நோயாளிகளோடும் வேலையற்றோரோடும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்ந்தார். தொழிற்சங்கப் பணியும் 1921இல் பிறந்த கோபே நுகர்வோர் கூட்டுறவும் அந்த வாழ்விலிருந்து விளைந்தவை. அவர் ஜப்பானியர் என்ற வேறுபாட்டை நான் மறக்கவில்லை. ஆயினும் இருபத்தொரு வயதுக்காரரை ஒரு சேரி ஏற்றுக்கொண்டது, அவர் போகமாட்டார் என்று அது கண்டதால்தான்.

எடை போட்டால்

இந்த நடைமுறையைக் கைவிடச் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. தன்னலம் துறந்து இரண்டு ஆண்டுகளைக் கொடுக்க முன்வரும் இளைஞர்கள் எந்தச் சமூகத்துக்கும் செல்வம். அந்தக் கொடையைப் பெற்றுக்கொள்ளும் அமைப்பு அதற்குத் தகுதியாக நடக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அதற்கு நான்கு மாற்றங்கள் போதும். ஒன்று, இரண்டு ஆண்டில் குறைந்தது ஓராண்டாவது ஒரே ஊரில் இருக்கவிட வேண்டும். துணை மாறினாலும் ஊர் மாறக்கூடாது. இரண்டு, ஞானஸ்நான எண்ணிக்கையை மிஷனரியின் வெற்றிக்கு அளவாக்குவதை அறவே நிறுத்த வேண்டும். யாரைச் சேர்ப்பது, எப்போது சேர்ப்பது என்பதை அவரோடு வாழ்நாள் முழுதும் இருக்கப்போகும் உள்ளூர் விசுவாசிகள் தீர்மானிக்கட்டும். மூன்று, கதவு தட்டும் நேரத்தைக் குறைத்து, ஆங்கில வகுப்பு, முதியோர் உதவி, பேரிடர்க்காலத் துப்புரவு ஆகியவற்றுக்குக் கொடுக்க வேண்டும். நான்கு, காலைப் படிப்பில் ஜப்பானிய நாளிதழுக்கும் வரலாற்றுக்கும் இடம் வேண்டும். தான் நிற்கும் தெரு எதைக் கண்டு அஞ்சியது என்று அறியாதவர், அந்தத் தெருவுக்கு நற்செய்தி எது என்பதையும் அறிய முடியாது.

இவற்றைச் செய்தால் பதிவேட்டில் பெயர்கள் குறையும். வந்தவர்கள் தங்குவார்கள். ஒரு சதவீதம் ஒன்றரை ஆகுமா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. தன் வாசலுக்கு வந்த இளைஞனை ஒரு ஜப்பானியக் குடும்பம் அடுத்த ஆண்டும் பெயர்சொல்லி அழைக்க முடிந்தால், அந்த ஊழியம் தன் கடமையைச் செய்திருக்கிறது. இன்றைய ஏற்பாடு அந்த வாய்ப்பைத்தான் பறிக்கிறது. மாற்ற வேண்டியதும் அந்த ஏற்பாட்டைத்தான்.