அறிவியல் புனைவில் மாற்றுடல்: உயிரியல் ஒத்திசைவும் திறனாய்வு அளவுகோலும்

ஆய்வுச்சுருக்கம்

மனித உடலை மாற்றியமைத்துக் காட்டும் அறிவியல் புனைகதைகளை மதிப்பிடும்போது, அம்மாற்றம் நடைமுறையில் இயலுமா என்ற வினாவே பெரும்பாலும் முன்வைக்கப்படுகிறது. அவ்வினா போதாது, ஏற்றுக்கொண்ட மாற்றத்தின் விளைவுகளைப் படைப்பு எந்த அளவுக்குத் தொடர்கிறது என்பதே தகுந்த அளவுகோல் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. எச்.ஜி. வெல்ஸின் இரு நாவல்களும் அலெக்சாந்தர் பெலியாயெவின் ஒரு நாவலும் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, மாற்றுடல், உயிரியல் ஒத்திசைவு, வெல்ஸ், பெலியாயெவ்.

முன்னுரை

அறிவியல் புனைகதைத் திறனாய்வில் இருவகைப் போக்குகள் காணப்படுகின்றன. ஒன்று, படைப்பிலுள்ள அறிவியல் பிழைகளைப் பட்டியலிட்டு அதனைத் தள்ளிவிடும் போக்கு. மற்றொன்று, கற்பனைக்குக் கணக்கு எதற்கு என்று கூறி அறிவியலையே புறக்கணிக்கும் போக்கு. முன்னது இலக்கியத்தைப் பாடநூலாக்குகிறது. பின்னது ‘அறிவியல்’ என்னும் அடைமொழியைப் பொருளற்றதாக்குகிறது. வியத்தகு கருதுகோள் ஒன்றை மட்டும் ஏற்கச் செய்துவிட்டு, மற்ற அனைத்தையும் மனித வாழ்வின் இயல்புக்குள் நிறுத்த வேண்டும் என்பது வெல்ஸ் 1934இல் தம் நாவல் தொகுப்பொன்றின் முன்னுரையில் முன்வைத்த கொள்கை. உடலை மாற்றும் கதைகளுக்கு இக்கொள்கை கூடுதல் நெருக்கடியைத் தருகிறது. உடல் தனித்தனி உறுப்புகளின் குவியலன்று. ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறியாக வேண்டும்.

அளவும் எடையும்

வெல்ஸின் ‘தி ஃபுட் ஆஃப் தி காட்ஸ்’ (1904) நாவலில், இரு அறிவியலாளர் கண்டுபிடித்த ஊட்டப்பொருளை உண்ட குழந்தைகள் ஏறத்தாழ 40 அடி உயரப் பேருருவங்களாக வளர்கின்றனர். மனித உயரத்தை 7 மடங்காகக் கொண்டால் உடலின் எடை 343 மடங்காகும். அதனைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ 49 மடங்கே பெருகும். ஆகவே எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் 7 மடங்கு சுமையை ஏற்க வேண்டியதாகிறது. இவ்விதியைக் கலிலியோ 1638இலேயே விளக்கினார். உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926இல் எழுதிய கட்டுரையொன்றில், 60 அடி அரக்கன் ஓரடி எடுத்துவைத்தாலே தொடையெலும்பு முறிந்துவிடும் என்று இதே விதிகொண்டு காட்டினார். 272 செ.மீ. உயரம் வளர்ந்து 1940இல் மறைந்த அமெரிக்கரான ராபர்ட் வாட்லோ, கால்களுக்குத் தாங்குகருவி பூட்டியே நடக்க வேண்டியிருந்தது இங்கு நினைக்கத்தக்கது.

வெல்ஸ் இதனை அறியாதவர் அல்லர். டி.எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர். 1893இல் உயிரியல் பாடநூலும் எழுதியவர். நாவலின் முற்பகுதி, வளர்ச்சி சீராக அன்றி விட்டுவிட்டு நிகழ்வதை வரைபடங்களோடு ஆராயும் ஆய்வாளரைக் காட்டுகிறது. வளர்ச்சியின் வேகம் பற்றி இவ்வளவு கவலைகொண்ட கதை, வளர்ந்த உடலின் எடை பற்றிக் கவலைப்படுவதில்லை. பிற்பகுதியில் பேருருவினர் புதிய தலைமுறையின் குறியீடாகின்றனர். சிறுமனிதர்களோடு அவர்களுக்கு மூளும் பகை அரசியல் உருவகமாகிறது. உருவகத்துக்கு எலும்பு தேவையில்லை என்று சமாதானம் கூறலாம். ஆயினும் ஆய்வகத்தில் தொடங்கிய கதை தன் விதியை நடுவழியில் கைவிட்டது என்ற குறை எஞ்சுகிறது.

ஒளியும் விழியும்

‘தி இன்விசிபிள் மேன்’ (1897) நாவலின் கிரிஃபின், உடலின் ஒளிவிலகல் எண்ணைக் காற்றின் எண்ணுக்கு இணையாக்கிக் கட்புலனாகாதவனாகிறான். அவன் பிறவியிலேயே நிறமி குறைந்தவன் என்று காட்டியிருப்பது ஆசிரியரின் முன்யோசனைக்குச் சான்று. மூடிய இமைகளின் ஊடேயும் அவனுக்குப் பார்வை தெரிகிறது. செரிக்காத உணவு வெளியே தெரிகிறது. மழையும் பனியும் புழுதியும் அவன் உருவத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆடை அணிந்தால் மறைவு போய்விடும். அணியாவிடில் குளிர் வாட்டும். இவ்விளைவுகளே கதையை நகர்த்துகின்றன. யாவரையும் ஆளும் ஆற்றல் என்று அவன் எண்ணிய மாற்றம், பசிக்கு உண்பதையும் குளிருக்கு உடுப்பதையுமே அவனுக்கு அரிதாக்குகிறது.

கதை தடுமாறுமிடம் விழியாகும். ஒளியை உறிஞ்சும் விழித்திரை இல்லாமல் பார்வை இல்லை. விழித்திரைக்குப் பின்னே மங்கலான நிறமி எஞ்சியிருந்ததாக வெல்ஸ் எழுதுவது, இச்சிக்கலை அவர் ஓரளவு உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது. ஆயினும் சிக்கலின் மறுபாதி தீரவில்லை. விழியின் ஒளிக்குவிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைச் செய்வது கார்னியா எனும் விழிவெண்படலம். காற்றுக்கும் அதற்கும் இடையேயுள்ள ஒளிவிலகல் வேறுபாடே அக்குவிப்புக்குக் காரணம். அவ்வேறுபாட்டை நீக்குவதே கிரிஃபினின் கண்டுபிடிப்பாதலால், அவன் கண்ணில் பிம்பம் விழாது. இது இயற்கைக்கு முரணானது என்பதோடு, நாவல் தானே வகுத்த விதிக்கும் முரணானது. அவன் குருடனானால் கதையே நிகழாது; எனவே அம்முரணை நாவல் தாண்டிச் செல்கிறது. பிற விளைவுகள் அனைத்தும் முறையாகத் தொடரப்பட்டிருப்பதால் அத்தாண்டல் படைப்பைச் சிதைப்பதில்லை.

நீரும் மூச்சும்

பெலியாயெவ் ருஷ்ய மொழியில் எழுதிய ‘நீர்நில மனிதன்’ (1928) நாவலில், மருத்துவர் சால்வத்தோர் ஒரு சிறுவனுக்குச் சுறாவின் செவுள்களைப் பொருத்துகிறார். பிற உயிரியின் உறுப்பை உடல் ஏற்காமல் தள்ளிவிடும் முறை அக்காலத்தில் தெளிவாக விளங்கவில்லை. இரட்டையரிடையே சிறுநீரக மாற்றம் வெற்றி பெற்றதே 1954இல்தான். ஆகவே இதனைப் படைப்பின் பிழையாகக் கொள்வது முறையன்று.

மூச்சுக் கணக்கு வேறுவகையானது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மி.லி. ஆக்சிஜன் உண்டு, மிதவெப்பமான கடல்நீரில் அது ஏறத்தாழ 5 மி.லி. மட்டுமே. நீந்தும் மனிதனுக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஆக்சிஜன் தேவை எனக் கொண்டால், முழுவதையும் பிரித்தெடுத்தாலும் 200 லிட்டர் நீர் செவுள்வழி ஓடவேண்டும். அந்நீர் ஒரு பாகை சூடேறவே 200 கிலோகலோரி செலவாகும். அந்த ஆக்சிஜனால் உடல் பெறுவதோ ஏறத்தாழ 5 கிலோகலோரி. செவுள்வழி மூச்சுவிட்டு 37 பாகை வெப்பத்தைக் காக்க மனித உடலால் இயலாது என்பது இதனால் விளங்கும். சூரை மீன் இச்சிக்கலைத் தீர்த்திருக்கிறது: தசையின் வெப்பம் செவுளை எட்டுமுன்பே அதனை மீட்டுக்கொள்ளும் இரத்தக்குழல் வலை அதற்கு உண்டு. செவுளை மட்டும் மாற்றினால் போதாது, குருதியோட்டத்தையும் மாற்றவேண்டும் என்பதே இதன் பாடம்.

வெப்பக் கணக்கில் பொய்க்கும் இந்நாவல், வேறொரு தளத்தில் உண்மையாகிறது. இக்தியாந்தருக்கு நுரையீரலும் செவுளும் இரண்டும் வேண்டும். ஒன்றை நெடுங்காலம் புறக்கணித்தால் அது பழுதாகும் என்பது நாவலின் உள்விதி. சிறையில் நீர்த்தொட்டியில் அடைபட்டதால் அவன் நுரையீரல் கெடுகிறது. விடுதலைக்குப் பின் கரையில் வாழும் உரிமையையும், காதலித்த பெண்ணையும் அவன் இழக்கிறான். உடலின் விதியே முடிவின் துயரமாகிறது.

திறனாய்வு அளவுகோல்

மூன்று நாவல்களையும் ஒப்புநோக்கும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன. முதலாவது, முரண் எங்கே நிகழ்கிறது: படைப்பாளியின் காலத்து அறிவுக்கு எட்டாத இடத்திலா, அவரே வகுத்த விதியிலா? இரண்டாவது, மாற்றத்துக்கு உடல் விலை கொடுக்கிறதா? மூன்றாவது, அவ்விலை கதைமாந்தரின் வாழ்வாக மாறுகிறதா? பேருருவினர் கதை இரண்டாம் வினாவில் தளர்கிறது. கிரிஃபினின் கதை முதல் வினாவில் ஓரிடத்தில் வழுவி, மற்றவற்றில் நிலைபெறுகிறது. பெலியாயெவின் நாவல் நடைமுறைச் சாத்தியத்தில் பின்தங்கினும் மூன்றாம் வினாவில் முந்துகிறது. பிழைப்பட்டியல் இவ்வேறுபாடுகளைக் காட்டாது.

முடிவுரை

இவ்வினாக்கள் இலக்கியத்தோடு நிற்பன அல்ல. 2018இல் சீனாவில் மரபணு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவிக்கப்பட்டது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் நோக்கில் திருத்தப்பட்ட சிசிஆர்5 மரபணு, வெஸ்ட் நைல் காய்ச்சலை எதிர்க்கவும் உடலுக்குத் துணைசெய்வது. ஒரு பயனுக்காகச் செய்த மாற்றம் வேறொரு காப்பைக் குறைக்கலாம். மாற்றுடலின் விலையைத் தொடர்ந்து எண்ணிப்பார்க்கும் பயிற்சியை வாசகனுக்கு அளிப்பது இத்தகைய புனைவின் சமூகப் பயனாகும். அவ்விலையை மறைக்கும் புனைவு, உடலை எளிதில் திருத்தத்தக்க பொருளாகக் காணும் மனநிலைக்குத் துணைபோகிறது. எனவே உயிரியல் ஒத்திசைவைப் புனைவின் வெளிச்சட்டமாகக் கொள்ளாமல், அதன் அறக்கூறாகவே திறனாய்வு கொள்ளுதல் தகும்.