ஏழை, சேரி, அவன்: அன்னை தெரசா பற்றிய ஆங்கில நூல்களும் மும்பைத் தமிழ் வாசகரும்

அன்னை தெரசாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த நூல்களைப் போற்றுவன, சாடுவன என இருவகையாகப் பகுப்பது வழக்கம். மால்கம் மகரிட்ஜ் 1971இல் வெளியிட்ட நூலும், அதனைத் தொடர்ந்து டெஸ்மண்ட் டாய்க் (1976), ஐலீன் ஈகன் (1985), நவீன் சாவ்லா (1992), கேத்ரின் ஸ்பிங்க் (1997) ஆகியோர் எழுதியனவும் முதல் வகையின. கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் (1995), அரூப் சாட்டர்ஜி (2003) ஆகியோரின் நூல்கள் இரண்டாம் வகையின. அன்னையார் 1997இல் மறைந்து, 2003இல் அருளாளராகவும் 2016இல் புனிதராகவும் அறிவிக்கப்பெற்ற பின்னரும் இப்பகுப்பு மாறவில்லை. எனினும் இந்நூல்களைத் தமிழாக்க முனைவோர்க்கு இப்பகுப்பு பெரிதும் பயன்படுவதில்லை. போற்றுவோரும் சாடுவோரும் ஒரே வகைத் தொடரமைப்பில் ஏழையரைப் பற்றிப் பேசுகின்றனர் என்பதும், அத்தொடரமைப்பு தமிழில் அப்படியே நிற்க மறுக்கிறது என்பதுமே மொழிபெயர்ப்பாளர் முதலில் எதிர்கொள்ளும் உண்மை.

இவ்வுண்மை கூர்மையாகப் புலப்படும் இடம் கொல்கத்தா அன்று, மும்பை. கொல்கத்தாவில் நிகழ்ந்தவற்றை ஆங்கிலத்தில் படிக்கும் தமிழரும், அந்நூல்கள் 'ஏழையர்' என்று சுட்டும் வாழ்க்கையை வாழ்ந்த தமிழரும் மும்பையில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். மத்திய இரயில் பாதைக்குக் கிழக்கே, திட்டமிட்டு அமைக்கப்பெற்ற மாட்டுங்கா. அங்கே 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம். பாதைக்கு மேற்கே, தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் குடியேறிய தாராவி. சற்றுத் தொலைவில், பின்னர் வளர்ந்த நடுத்தர வகுப்பினரின் செம்பூர். அன்னையாரின் சபை நடத்தும் 'ஆஷா தான்' இல்லம், இந்துஸ்தான் லீவர் நிறுவனத்துக்குரிய நிலத்தில் 1976 முதல் பைகுல்லாவில் இயங்கி வருகிறது. (இப்பெயரைத் தமிழில் எழுதினால் 'ஆஷாதான்; வேறொருவர் அல்லர்' என்று தேற்றப் பொருள் தோன்றிவிடும். 'ஆசா தானம்' என எழுதுதல் நன்று.) இம்மூன்று பகுதித் தமிழர்க்கும் பொதுவாக ஒரு நூலைத் தமிழில் தருவதாயின் எச்சொற்கள் தேறும், எவை தேறா என்பதே ஈண்டு நோக்கப்பெறுவது.

ஆங்கிலத்தில் 'தி புவர்' என்பது பெயரடை ஒன்று சுட்டிடைச் சொல்லோடு கூடிப் பெயராய் நிற்கும் வடிவம். அது பன்மை வினை கொள்ளும். ஆயினும் பன்மை விகுதி ஏற்காது. 'எ புவர்' என்று ஒருமையில் சொல்ல ஆங்கிலத்தில் இடமில்லை. எனவே இத்தொகைப் பெயரிலிருந்து ஒருவரைத் தனித்துப் பிரித்தெடுக்க அம்மொழியின் இலக்கணமே தடையாகிறது. தமிழில் நிலைமை நேர்மாறானது. 'ஏழை' என்பது முதற்கண் ஒருமை. 'ஓர் ஏழை' என்பதே அதன் இயல்பான நிலை. பன்மைக்கு 'ஏழைகள்' என்பதா, 'ஏழையர்' என்பதா, 'ஏழை மக்கள்' என்பதா என மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தாக வேண்டும். இவற்றின் மதிப்பு ஒன்றன்று. 'ஏழைகள்' செய்தித்தாளுக்கும் மேடைக்கும் உரிய வழக்கு. 'ஏழையர்' உயர்திணைப் பன்மையின் மதிப்பைத் தாங்குவது. இச்சொல்லின் வரலாறும் கருதத்தக்கது. குறள் 873இல் 'ஏழை' என்பது அறிவிலி என்னும் பொருளில் வருகிறது. பொருளில்லாதாரைக் குறிக்க வள்ளுவர் ஆள்வன 'வறியார்', 'நல்கூர்ந்தார்' போன்ற சொற்கள். பிற்காலத்தில் 'ஏழை' வறுமைப் பொருள் பெற்றபோதும், அறியாமையின் சாயல் முற்றும் நீங்கவில்லை. 'ஏழை பாழை' என்னும் இணைமொழியில் அதனைக் காணலாம்.

சபையினர் ஏற்கும் நான்காவது வாக்குறுதியில் இடம்பெறுவதும், எல்லா நூல்களிலும் திரும்பத் திரும்ப வருவதுமான தொடர் 'புவரஸ்ட் ஆஃப் தி புவர்' என்பது. தமிழில் மீயுயர் நிலை காட்டும் விகுதி இல்லை. 'ஏழையரிலும் ஏழையர்' என்று உம்மை கொடுத்தே சொல்ல வேண்டியுள்ளது. அவ்வும்மையில் இழிவு சிறப்பின் சாயல் படிகிறது. சிலர் விரும்பும் 'கடையருக்கும் கடையர்' என்பதில் அது சாயலாக நில்லாது முழு இழிவாகவே ஆகிவிடும். ஆங்கிலத் தொடர் தேவையின் அளவைச் சொல்ல வந்தது. 'கடையர்' பிறப்பின் தரத்தைச் சொல்லும். 1995இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருவிவிலியம், அன்னையார் பெரிதும் மேற்கொண்ட மத்தேயு நற்செய்திப் பகுதியில் 'மிகச் சிறியோர்' என்று ஆண்டிருப்பது இவ்வகையில் நல்ல வழிகாட்டி.

'ஸ்லம்' என்னும் சொல்லிலே சிக்கல் மேலும் மிகுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் கொச்சை வழக்கில் அறை என்னும் பொருளில் வழங்கிய இச்சொல், பின்னரே நெருக்கமான வறிய குடியிருப்பைக் குறிக்கலாயிற்று. தமிழ் எழுத்தாளர் பலர் இதற்குத் தயங்காது 'சேரி' என்று எழுதுவர். சேரி என்பது பழைய வழக்கில் சேர்ந்து வாழும் இடம் என்பதற்கு மேல் பொருளில்லாதது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டு கூறும் தளிச்சேரி, கோயிற்பெண்டிர் நானூற்றுவர் வாழ்ந்த தெருக்கள். காலப்போக்கில் இச்சொல் ஒடுக்கப்பட்ட சாதியினரின் குடியிருப்பாகச் சுருங்கியது. ஆகவே 'ஸ்லம்' வருமிடமெல்லாம் 'சேரி' என்று எழுதுவோர், ஆங்கில ஆசிரியர் சொல்லாத சாதியைத் தாமே சேர்க்கின்றனர். மகரிட்ஜின் நூலில் ஏழ்மை உண்டு. சாதி பெரும்பாலும் இல்லை. அஃது அந்நூலின் குறை எனலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் அக்குறையை அறியாமல் நிரப்புவது வேறு, அறிந்து சுட்டுவது வேறு.

'குடிசைப் பகுதி' என்பது அரசின் வழக்கு. தமிழக அரசு 1970இல் அமைத்த வாரியத்தின் ஆங்கிலப் பெயர் அகற்றுதலைச் சொல்ல, தமிழ்ப் பெயரோ 'குடிசை மாற்று வாரியம்' என்று மாற்றத்தைச் சொன்னது. மொழிபெயர்ப்பு மூலத்தைவிட மனிதத்தன்மையோடு அமைந்த அரிய சான்று இது. அவ்வாரியம் 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' எனப் பெயர் மாறியது. எனினும் 'குடிசை' தாராவிக்குப் பொருந்தாது. அங்கே மாடி மேல் மாடியாக எழுந்த கட்டடங்களும் 'சால்' எனப்படும் வரிசை வீடுகளும் தோல், மட்பாண்டம், தையல், பழம்பொருள் மறுசுழற்சி ஆகிய தொழில்களின் பட்டறைகளும் உள்ளன. நகரின் பல பகுதிகளில் காலையில் விற்கப்படும் இட்லி அங்கே அவிக்கப்பெறுகிறது. கொல்கத்தா பற்றிய நூல்களில் 'பஸ்தி' என்னும் வங்கச் சொல் ஆங்கில வடிவில் அடிக்கடி வருவதுண்டு. வாழிடம் என்பதே அதன் வேர்ப்பொருள். மும்பை வழக்கிலும் 'பஸ்தி' உண்டு. மும்பைத் தமிழ் வாசகரை எண்ணி எழுதுவோர் 'பஸ்தி' என்பதை அப்படியே ஆளலாம். அதனினும் சிறந்தது ஊர்ப்பெயரைச் சொல்வது. 1948இல் அன்னையார் பள்ளி தொடங்கிய இடம் 'ஒரு சேரி' அன்று, மோதிஜீல். கல்பனா சர்மா 2000ஆம் ஆண்டில் தாராவி பற்றி எழுதிய ஆங்கில நூலில் இடங்களும் தொழில்களும் மனிதர்களும் தத்தம் பெயரோடு வருவதால், அதனைத் தமிழாக்குவோர்க்கு இத்தொல்லை மிகக் குறைவு. பெயரிட்டு எழுதப்பெற்ற ஆங்கிலம் எளிதில் தமிழாகும் என்பதற்கு அந்நூல் சான்று.

கொடுத்தலைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். ஆங்கில நூல்களில் 'கிவ்' என்னும் ஒரே வினை எல்லாத் திசையிலும் செல்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1964இல் பம்பாயில் நடைபெற்ற நற்கருணை மாநாட்டின்போது தம் காரை அன்னையாருக்குக் கொடுத்ததும், சகோதரியர் நோயாளிக்குச் சோறு கொடுப்பதும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான். தமிழிலோ ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் இரப்போன் நிலைக்கேற்ப வேறுபடும் என்று தொல்காப்பிய எச்சவியல் வகுக்கிறது: இழிந்தோன் கேட்பது 'ஈ', ஒப்போன் கேட்பது 'தா', உயர்ந்தோன் கேட்பது 'கொடு'. இன்றைய வழக்கில் இவ்வரையறை தளர்ந்துவிட்டது உண்மையே. ஆயினும் 'ஈகை', 'ஈந்தார்' என்னும் சொற்களில் உயரத்திலிருந்து இறங்கும் கை இன்றும் தெரிகிறது. சபையின் பெயரிலுள்ள 'சாரிட்டி' இலத்தீன் 'காரிட்டாஸ்' என்பதன் வழி வந்தது. அதன் பொருள் அன்பு. கத்தோலிக்கத் தமிழ் வழக்கு 'பிறரன்பு' எனக் கொண்டது பொருத்தமே. செய்தித்தாள்கள் அதனைத் 'தருமம்' ஆக்கும்போது அன்பு பிச்சையாகிவிடுகிறது.

சாடும் நூல்களில் இந்நிலை மாறிவிடவில்லை. மகரிட்ஜ் 1969இல் பி.பி.சி.க்காகப் படம்பிடித்தபோது, காளிகாட் இல்லத்தின் மங்கிய உட்புறம் எதிர்பாராத ஒளியுடன் படத்தில் பதிவானது. அதனை அவர் இறையொளி என எழுதினார். ஒளிப்பதிவாளர் கென் மக்மில்லனோ கோடக் நிறுவனத்தின் புதுவகைப் படச்சுருளே காரணம் என்றார். ஹிச்சன்ஸ் இம்முரணை நன்கு பயன்படுத்திக்கொள்கிறார். அவ்வாறே, 1994இல் லான்செட் இதழில் ராபின் ஃபாக்ஸ் அவ்வில்லத்தின் மருத்துவ முறை குறித்து எழுதியதையும் எடுத்தாள்கிறார். வலிநீக்கி மருந்துகள் போதாமை பற்றிய அக்குற்றச்சாட்டு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் அந்த ஒளி பற்றிய வழக்கில் இறைவனும் படச்சுருளும் எழுவாயாகின்றனவே அன்றி, ஒளிபட்டுக் கிடந்த மனிதர் எந்த வாக்கியத்திலும் எழுவாயாவதில்லை. சாட்டர்ஜியின் நூலில் நியாயமான சினம் ஒன்றுண்டு. கொல்கத்தா உலகின் சாக்கடையாகக் காட்டப்பெற்றதே என்பது அது. அங்கும் மானம் நகரத்தினுடையது. ஏழையர் மீண்டும் வேற்றுமை உருபேற்று நிற்கின்றனர், பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில், கொள்வோராக.

பிரையன் கொலொதியேசுக் 2007இல் தொகுத்து வெளியிட்ட அன்னையாரின் மடல்கள் இவ்விருவகையிலும் அடங்காதவை. அவை அருட்பணிக்காகத் தாம் கற்ற ஆங்கிலத்தில், இலக்கியப் பூச்சின்றி எழுதப்பெற்றவை. ஏழையர் வாழும் இடங்களைக் குறிக்க அம்மடல்களில் 'ஹோல்' என்னும் சொல் வருகிறது. 'குழி' என்றால் புதைகுழி நினைவு எழும். 'வளை' என்றால் எலியின் வீடு. 'பொந்து' ஓரளவு தேறும். அதுவும் உயிரினத்தின் இருப்பிடம் என்பதால். அன்னையார் தம் உள்ளத்தில் நெடுங்காலம் நிலவிய இறையுணர்வின்மையைச் சுட்டும் 'டார்க்னஸ்' என்னும் சொல்லும் அதே மடல்களில் விரவி வருகிறது. பொந்தின் இருளையும் உள்ளத்தின் இருளையும் 'இருள்' என்னும் ஒரே சொல்லால் பெயர்க்க வேண்டும். ஒன்றை 'இருட்டு' என்றும் மற்றதை 'ஆன்ம வறட்சி' என்றும் பிரித்தெழுதினால், தாமும் இல்லாதவருள் ஒருவர் என்று அவர் உணர்ந்த இடம் தமிழில் மறைந்துபோகும்.

மொழிபெயர்ப்பாளரின் தேர்வு மிகுந்த விளைவுடையதாக அமையும் இடம் படர்க்கைப் பெயர். 1979இல் நோபல் உரையில் அன்னையார் கூறிய நிகழ்ச்சி பின்னர் வந்த நூல்கள் பலவற்றிலும் இடம்பெறுகிறது: சாக்கடையோரம் புழு அரித்த நிலையில் எடுத்துவரப்பட்ட ஒரு மனிதர், தெருவில் விலங்காய் வாழ்ந்த தாம் அன்பும் பேணலும் பெற்று ஏஞ்சலைப் போல் இறக்கப்போவதாகச் சொன்னார் என்பது. ஆங்கிலத்தில் அம்மனிதரும் திருத்தந்தையும் 'ஹி'. தமிழில் 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா? பழக்கம் 'அவன்' என்றே எழுதச் சொல்லும். அன்னையார் தூக்கினார், சகோதரி கழுவினார், அவன் கிடந்தான், அவன் இறந்தான். ஒரே பத்தியில் -ஆர் விகுதிகளை அடுத்து -ஆன் விகுதி அமைவதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. மூலத்தில் இல்லாத தாழ்வு இது; தமிழ்ப் பழக்கம் தருவது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்து படிப்பவர்க்கு இவ்வேறுபாடு இயல்பாகத் தோன்றலாம். தாராவியில் இருந்து படிப்பவரோ, அந்த 'அவன்' தம் பாட்டனாராகவும் இருக்கக்கூடும் என்றறிந்து படிப்பவர்.

அம்மனிதர் சொன்னது எம்மொழியில் என்பதும் எண்ணத்தக்கது. அவர் ஆங்கிலத்தில் பேசியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம்மிடம் உள்ளது இழந்துபோன ஓர் இந்திய மொழிக் கூற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டுமே. அதிலுள்ள 'ஏஞ்சல்' என்னும் சொல், அவர் இந்துவா, இசுலாமியரா, வேறு சமயத்தவரா என்பதை மறைத்துவிட்டது. தமிழில் அம்மறைப்பு இயலாது. சீர்திருத்தச் சபையார்க்குத் 'தேவதூதன்', பழைய கத்தோலிக்கர்க்குச் 'சம்மனசு', இன்றைய திருவிவிலியத்தார்க்கு 'வானதூதர்', முசுலிம்களுக்கு 'மலக்கு', பொதுவழக்கில் பெண்பாற் சாயலுடைய 'தேவதை'. தாராவியின் ஒரே சந்தில் இவ்வைந்து சொல்லையும் தத்தம் வீட்டில் வழங்கும் தமிழர் உளர். அடுத்துள்ள மாகிம் தூய மிக்கேல் ஆலயத்தின் புதன்கிழமை நவநாளுக்கு 1948 முதல் பல சமயத்தாரும் திரள்வதால், கத்தோலிக்கச் சொற்கள் அங்கே பிற சமயத்தார்க்கும் செவிப்பழக்கமானவை. 'வானதூதர்' மதிப்பு விகுதி உடையது. ஆயினும் அச்சொல் இறப்பவரைக் கிறித்தவராக்கிவிடும். 'தேவதை' சமயம் கடந்தது. ஆண்மகனின் வாயில் பொருந்தாது. இவற்றுள் எதனைத் தேர்ந்தாலும் ஓர் இழப்பு உண்டு. ஆனால் அத்தொடரின் எழுவாயை 'அவர்' என்று எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை.