யாரிடம் தோற்கலாம்?

இரு கைகளிலுமாக ஒன்பது சீட்டு இருந்து ராணி மட்டும் எதிரிகளிடம் இருந்தால் ஃபினெஸ் வேண்டாம், ஏஸையும் ராஜாவையும் இறக்கினால் அவள் தானே விழுவாள் என்பது பிரிட்ஜின் பழைய பாடம். மீதி நான்கு சீட்டும் இரண்டிரண்டாகப் பிரிய 40.7 சதவீதம், மூன்று-ஒன்றாகப் பிரிய 49.7 சதவீதம் வாய்ப்பு. முழுக் கணக்கும் போட்டால் இரு வழிகளுக்கும் நூலிழை வித்தியாசம்தான். அந்த நூலிழையை நம்பி, கையில் இருந்த உறுதியைத் தொலைக்கும் டிக்ளேரர்கள் உண்டு.

தெற்கு 3 நோ ட்ரம்ப் ஆடுகிறார். அவர் கையில் ஸ்பேட் ஏஸ்-8-3, ஹார்ட் ஏஸ்-ராணி-5, டைமண்ட் ராஜா-9-7-2, கிளப் ஏஸ்-7-5. டம்மியில் ஸ்பேட் 6-4, ஹார்ட் ராஜா-7-3, டைமண்ட் ஏஸ்-ஜாக்-10-8-4, கிளப் ராஜா-6-2. எட்டு ட்ரிக் தயார். ஒன்பதாவது டைமண்டில் வரவேண்டும். மேற்கு ஸ்பேட் 5 இறக்குகிறார், கிழக்கு ராஜா போடுகிறார். அந்த 5, வழக்கப்படி மேலிருந்து நான்காவது சீட்டு. அதைவிடச் சிறியவற்றில் 4 டம்மியில், 3 நம் கையில். காணாதது 2 மட்டுமே. ஆக மேற்கிடம் ஸ்பேட் நான்கு அல்லது ஐந்து, அதற்குமேல் கிடையாது. நான்கு என்றால் மூன்று ஸ்பேடும் ஒரு டைமண்டும் போனாலும் ஒப்பந்தம் பிழைக்கும். ஐந்து என்றால் கிழக்கிடம் மூன்றுதான். ஏஸை இரண்டு சுற்று அடக்கி வைத்து மூன்றாவதில் எடுத்தால் அவர் கை ஸ்பேடில் காலி. இனி டைமண்ட் ராஜாவை அடித்து, 9ஐ டம்மி பக்கம் விட்டு, மேற்கு சிறியது போட்டால் அப்படியே ஓடவிடலாம். ராணி மேற்கிடம் இருந்தால் சிக்கிவிடும். கிழக்கு ராணியால் பிடித்தாலோ, கூட்டாளிக்குத் தர அவரிடம் ஸ்பேட் இல்லை. ஹார்ட்டும் கிளப்பும் நம் காவலில். பத்து ட்ரிக் நிச்சயம்.

கணக்குப் புலிகள் இங்கே குறுக்கிடுவார்கள். மேற்கிடம் ஐந்து ஸ்பேட் என்றால் மற்ற இனங்களுக்கு அவர் கையில் எட்டு இடமும் கிழக்கின் கையில் பத்து இடமும் உண்டு; ராணி கிழக்கிடம் இருக்கவே வாய்ப்பு அதிகம், அவரை நோக்கி அல்லவா ஃபினெஸ் செய்யவேண்டும்? கணக்கு சரிதான். ஆனால் அந்த ஃபினெஸ் தவறினால் பிடிப்பவர் மேற்கு, அவர் கையில் இரண்டு ஸ்பேட் காத்திருக்கின்றன. ராணியை விழவைக்கும் வழியிலும் மேற்கிடம் அவள் மூன்று சீட்டோடு இருந்தால் அதே கதிதான்.

குழுப் போட்டியில் விலை இன்னும் தெளிவு. வல்னரபிள் இல்லாதபோது 460க்குப் பதில் 430 என்றால் நஷ்டம் 1 ஐஎம்பி. 430க்குப் பதில் மைனஸ் 50 என்றால் 10 ஐஎம்பி. ஜோடிப் போட்டியில் இந்த வாதம் தளர்கிறது, ஒப்புக்கொள்கிறேன்; அங்கே கூடுதல் ட்ரிக் ஒன்றே பலரை முந்த வைக்கும், துணிந்து கிழக்கை நோக்கி ஃபினெஸ் செய்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஸ்பேட் ஏஸை அடக்கியாவது வைத்திருக்க வேண்டும். முதல் ட்ரிக்கிலேயே அதைப் போட்டுவிட்டவர், மேற்கிடம் ஐந்து ஸ்பேட் இருந்தால், ராணியைக் கண்டுபிடித்தே தீரவேண்டும்.