மெய்லர் போன ஊர்வலம்

தன்னைக் கேலி செய்து பத்திரிகையில் வந்த செய்தியை எடுத்து முதல் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு நூலைத் தொடங்குகிற ஆசிரியர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது. நார்மன் மெய்லர் அப்படிச் செய்தார். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து 1967 அக்டோபர் 21ந் தேதி வாஷிங்டனில் நடந்த பெரிய ஊர்வலத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு கொட்டகை மேடையில் மதுக் கோப்பையும் கையுமாக ஏறி அவர் உளறியதை 'டைம்' பத்திரிகை வர்ணித்திருந்தது. அந்த வர்ணனைதான் 'ஆர்மீஸ் ஆப் தி நைட்' என்ற அவருடைய நூலுக்கு வாசல். இரவின் சேனைகள் என்று தமிழில் சொல்லலாம். 1968ல் வெளிவந்து, மறு வருஷமே புலிட்சர் பரிசு பெற்றது. பரிசு பெற்ற நூல்களிடம் எனக்கு இருக்கும் பயத்தினால் இதை வெகுநாள் படிக்காமலே வைத்திருந்தேன். தவறுதான்.

நூலில் அவர் தம்மை 'நான்' என்று சொல்லிக்கொள்வதில்லை. 'மெய்லர்' என்று, யாரோ ஒரு கதாபாத்திரத்தைச் சொல்வதுபோலவே சொல்லுகிறார். அந்தப் பாத்திரத்திடம் அவர் தயவே காட்டவில்லை. பக்கத்தில் கவி ராபர்ட் லோவல் நடக்கிறார். 1965ல் வெள்ளை மாளிகைக் கலைவிழாவுக்கு வர மறுத்து ஜனாதிபதி ஜான்ஸனுக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதியவர். அவருக்கு இயல்பாக வருகிற கம்பீரம் தமக்கு வரவில்லையே என்று மெய்லருக்குப் பொறாமை. பின்னாலேயே ஓர் ஆங்கிலேயப் படக்குழு காமிராவுடன் வருகிறது. கைதாகவும் வேண்டும், சீக்கிரமாக வெளியே வந்து அன்றிரவு நியூயார்க்கில் நடக்கும் விருந்துக்கும் போய்ச் சேர வேண்டும். மனுஷர் இதை மறைக்காமல் எழுதுகிறார். படிக்கிறபோது சிரிப்பு வருகிறது.

எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் கூச்சமும் வந்தது. எங்கோ நடக்கும் யுத்தத்தைக் கண்டிக்கும் அறிக்கைகளுக்குக் கையெழுத்துக் கேட்டு என்னிடமும் வந்திருக்கிறார்கள். போட்டிருக்கிறேன். மறுநாள் பத்திரிகையைப் பிரித்ததும் யுத்தச் செய்தியைத் தேடவில்லை. என் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் வந்திருக்கிறதா என்றுதான் தேடினேன்.

ஊர்வலத்துக்கு வந்தவர்கள் சுமார் 1 லட்சம் பேர். ராணுவத் தலைமையகமான பெண்டகனை மந்திரம் சொல்லி அந்தரத்தில் தூக்கிவிடப் போவதாக ஒரு கோஷ்டி முன்கூட்டியே அறிவித்திருந்தது. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் நாலு பிரபலஸ்தர்கள் முன்வரிசையில் நடந்தால் யுத்தம் நின்றுவிடும் என்று நம்பிய விவேகிகளின் நம்பிக்கை எந்த விதத்தில் உசத்தி? கட்டடத்துக்குள்ளிருந்து கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ராணுவ மந்திரி மக்னமாராவுக்கே அந்த யுத்தத்தில் நம்பிக்கை போய்விட்டிருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி ஜான்ஸனுக்கு அவர் எழுதிய குறிப்பிலேயே அது தெரிகிறது. 1995ல் தாம் எழுதிய நூலில் தாங்கள் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். நடத்துகிறவருக்கே நம்பிக்கை இல்லாத யுத்தம் அதற்காக நின்றுவிடவில்லை.

பிறகு நடந்தது தெரிந்ததே. 1968 மார்ச்சில் நியூஹாம்ப்ஷயர் தேர்தலில் யுத்த எதிர்ப்பாளர் மெக்கார்த்திக்காக நடிகர் பால் நியூமன் பிரசாரம் செய்தார். மெக்கார்த்திக்கு 42 சதவிகித வோட்டு. அம்மாதக் கடைசியில் ஜான்ஸன் தாம் மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். ஜெயித்துவிட்டோம் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்! நவம்பரில் வந்தது நிக்ஸன். ஸைகோன் விழுந்தது 1975 ஏப்ரல் 30ந் தேதி. அந்த யுத்தத்தில் இறந்த சுமார் 58,000 அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த ஊர்வலத்துக்குப் பிறகு இறந்தவர்கள். வியட்நாம் அரசாங்கம் 1995ல் வெளியிட்ட கணக்கில், பொதுஜனங்களில் மட்டும் இறந்தவர்கள் 20 லட்சம்.

இந்த 20 லட்சத்தில் ஒருவர்கூட மெய்லரின் நூலில் இல்லை என்பதுதான் அதைப்பற்றி என் பெரிய குறை. யுத்தம் எதற்கு என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அது வெறும் வாதம். பெயரோடு, முகத்தோடு ஒரு வியட்நாமியன் வருவதில்லை. தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறவனும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். 1972 ஜூலையில் நடிகை ஜேன் ஃபாண்டா ஹனாய் நகரம் போனார். ஆற்றங்கரைகள்மீது குண்டு விழுவதைப் பார்த்து உலகத்துக்குச் சொல்லவேண்டும் என்பது நோக்கம். விமானங்களைச் சுடும் பீரங்கியில் அவர் உட்கார்ந்திருந்த புகைப்படம் நிலைத்தது. கரைகளை யாரும் நினைத்துக்கொள்வதில்லை.

ஆனால் நூலின் இரண்டாம் பகுதி வேறு ஜாதி. கைதாகிப்போன மெய்லர் அந்தப் பகுதியில் அநேகமாக இல்லை. நடுநிசி தாண்டி, நிருபர்களில் பெரும்பாலோர் போனபின், பெண்டகன் வாசலில் இன்னும் உட்கார்ந்திருந்த பையன்களையும் பெண்களையும் ராணுவத்தார் அடித்து இழுத்துச் செல்லுகிறார்கள். கைதான 600க்கு மேற்பட்டவர்களில் சிலர் குவேக்கர்கள். சிறையில் அன்னமும் தண்ணீரும் மறுத்து, துணியும் உடுக்க மறுத்து, குளிர்ந்த தரையில் கிடக்கிறார்கள். மெய்லர் அவர்களைப் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். அவர்கள் எதற்காகப் பிரார்த்தனை செய்திருப்பார்கள் என்று தமக்குள் கேட்டுக்கொள்கிறார். அந்த இடத்தில் கேலி இல்லை. இருநூறு பக்கத்துக்குமேல் தம்மையே பார்த்துக்கொண்டிருந்தவர் முதல் தடவையாக வேறொருவரைப் பார்க்கிறார். அவர்களுடைய பட்டினியாலும் யுத்தம் நின்றுவிடவில்லை. அப்படி எதிர்பார்த்து அவர்கள் கிடந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

மெய்லர் ஞாயிற்றுக்கிழமையே விடுதலையாகிவிட்டார். 1969ல் நியூயார்க் மேயர் பதவிக்கு நிற்க முயன்று, கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் ஐந்து பேரில் நான்காவதாக வந்தார். அதைப்பற்றி அவர் இப்படி ஒரு நூல் எழுதவில்லை, எழுதியிருந்தால் வாங்கியிருப்பேன்.