நெடுஞ்சாலை அளந்து கொடுத்த படகு

அமெரிக்காவின் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளில் ஓடும் வண்டி 96 அங்குலத்துக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது என்று 1956ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 1982இல் அது 102 அங்குலமாகத் தளர்ந்தது. லாரிகளையும் பேருந்துகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்த விதிதான், அந்நாட்டு ஏரிகளிலும் வளைகுடாக்களிலும் மிதக்கும் ஆயிரக்கணக்கான சிறு பாய்மரப் படகுகளின் உடலமைப்பையும் முடிவுசெய்தது. காருக்குப் பின்னால் ட்ரெய்லரில் ஏற்றி இழுத்துப் போகும் படகு, தனி அனுமதி வாங்காமல் சாலையில் ஓட வேண்டுமானால் அந்த அகலத்துக்குள் அடங்க வேண்டும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏரா மடங்க வேண்டும். பாய்மரம் படுக்க வேண்டும். காற்றுக்கும் அலைக்கும் அதன் பிறகுதான் முறை வரும். இந்த வகைப் படகைப் புகழ்வோர் சொல்லும் நிறைகளும், கைவிட்டோர் சொல்லும் குறைகளும் சாலை என்ற ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அதைக் கவனிக்காமல் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ரசனைச் சண்டையாகவே முடிகிறது.

உதாரணத்துக்கு கேட்டலினா 22. ஃபிராங்க் பட்லரின் இந்தப் படகு 1969இல் கலிஃபோர்னியாவில் உற்பத்திக்கு வந்தது. 15,000க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. நீளம் 6.55 மீட்டர், அகலம் 2.34 மீட்டர், எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் 250 கிலோ, அடியில் ஓர் ஆணியில் கோத்துத் தொங்கும் வார்ப்பிரும்பு ஏரா. முழுக்க இறக்கினால் படகுக்கு ஒன்றரை மீட்டர் ஆழம் வேண்டும். தூக்கிவிட்டால் 61 சென்டிமீட்டர் போதும். உள்ளே குனிந்து நுழையும் ஓர் அறை, சிறு அடுப்பு, படுக்கைகள். பின்புறம் ஒரு சிறிய அவுட்போர்டு இன்ஜின்.

முதல் நிறை தூரம். நல்ல காற்றில் இந்தப் படகு மணிக்கு ஐந்து கடல் மைல் போகும். ஒரு நாள் முழுக்க ஓட்டினால் நாற்பது கடல் மைல் தேறலாம். பசிபிக் கரையில் கோடைக்காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசுவதால், சான் டியாகோவிலிருந்து சியாட்டில் வரை கடல்வழியே ஏறுவது வாரக்கணக்கில் முகத்தில் அடி வாங்கும் வேலை. சாலையில் அதே பயணம் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். காற்றுக்கு எதிரே மணிக்கு அறுபது மைல் போகும் பாய்மரப் படகு எங்களுடையது மட்டும்தான் என்று இந்தப் படகுக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வதில் பொய் இல்லை. ஒரே ஆண்டில் கோடையைச் சான் வான் தீவுகளிலும் குளிர்காலத்தை ஃபுளோரிடா கீஸிலும் கழிக்க, வேலையை விட்டுவிட்டுக் கிளம்ப முடியாத ஒருவருக்கு வேறு வழி அரிது.

இரண்டாவது நிறை ஆழமின்மை. கீஸுக்கு வடக்கே உள்ள ஃபுளோரிடா வளைகுடாவின் பெரும்பகுதியில் தண்ணீர் ஓர் ஆள் இடுப்பளவுதான். இரண்டு மீட்டர் ஆழம் கேட்கும் பெரிய படகுகள் கால்வாய்க் குறிகளை விட்டு நகர முடியாது. ஏராவைத் தூக்கிவிட்ட சிறு படகு அலையாத்தித் தீவுகளின் ஓரம்வரை போய் நங்கூரம் போடும். அதன் உரிமையாளர் கண்ட ஃபுளோரிடாவைப் பல மடங்கு விலை கொடுத்துப் பெரிய படகு வாங்கியவர் காண்பதில்லை.

மூன்றாவது, கரையில் வாழும் படகு என்பதால் வரும் சிக்கனம். படகுத்துறை வாடகை அடிக்கணக்கில் வசூலாகும். வீட்டு முற்றத்தில் நிற்கும் படகுக்கு அது இல்லை. நீரிலேயே கிடக்காததால் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாது. சூறாவளி எச்சரிக்கை வந்தால் துறையில் கட்டிய படகுகள் கயிற்றை இரட்டிப்பாக்கிக் காத்திருக்கும்போது, இதைக் காரில் மாட்டி உள்நாட்டுக்கு இழுத்துப் போய்விடலாம்.

இத்தனை நிறைகள் இருந்தும், வாங்கிய படகுகளில் பல ஏன் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியிலேயே ஆண்டுகளைக் கழிக்கின்றன? பதில் படகுத்துறைச் சரிவில் இருக்கிறது.

ட்ரெய்லரில் வந்து நிற்கும் கேட்டலினாவைக் கவனியுங்கள். ஏழரை மீட்டர் பாய்மரம் கட்டுகளோடு படுத்திருக்கிறது. கட்டுகளை அவிழ்த்து, அடிமுனையை அறைக்கூரையின் மேலுள்ள கீலில் பொருத்த வேண்டும். ஒருவர் பின்தளத்தில் நின்று மரத்தைத் தோளுக்கு மேல் தூக்கியபடி கூரைமேல் அடியெடுத்து முன்னே நடப்பார். இன்னொருவர் முன்னால் நின்று கயிற்றை இழுப்பார். பக்கத்துத் தாங்குகம்பிகளில் ஒன்று சன்னல் விளிம்பிலோ கொண்டியிலோ சிக்கினால் மரம் பாதியில் நிற்கும். கம்பியின் கீழ்முனையிலுள்ள திருகு இணைப்பு மடங்கிய நிலையில் மரம் எழுந்தால், அந்தத் திருகு வளைந்தே போகும். பிறகு பின்கள், கிடைமரம், பாய், சுக்கான், இன்ஜின். பழகிய இருவருக்கே ஒரு மணி நேரம் சரியாக இருக்கும். மாலையில் இதையெல்லாம் தலைகீழாகச் செய்ய இன்னொரு மணி நேரம். மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்காமல் நட்ட மரத்தோடு படகை நகர்த்தி உயிரிழந்தவர்கள் உண்டு.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு மணி நேரம் இதற்கே போய்விடும். எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று விற்கப்பட்ட படகு, நினைத்த நேரத்தில் போக முடியாத படகாகிறது. தூரத்தில் கொடுத்ததை நேரத்தில் பிடித்துக்கொள்கிறது.

அடுத்த குறை, மடங்கும் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது: அசையும் இடம் தேயும். கால் டன் இரும்பை ஒரு குறுக்கு ஆணியும் ஒரு கம்பியும் தாங்குகின்றன. கம்பி அறைக்குள் இருக்கும் வின்ச்சுக்குப் போகிறது. படகு வேகம் எடுத்ததும் நீரில் அதிர்ந்து ரீங்காரமிடும். அந்தச் சத்தம் சிலருக்குப் பிடிக்கும். ஆனால் கம்பியும் ஆணியும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருப்பிடிப்பவை. தவறாமல் சோதித்து மாற்றாவிட்டால் ஒருநாள் ஏரா தடாலென்று இறங்கிப் படகின் அடியையே பெயர்க்கலாம். ட்ரெய்லரிலும் இதே கதை. சாலையில் ஓடிச் சூடான சக்கரத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அடைப்பைத் தாண்டித் தண்ணீரை பேரிங்குக்குள் இழுத்துக்கொள்ளும். உப்புநீரானால் கேட்கவே வேண்டாம். கடலில் வராத ஆபத்து நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து நிற்கும்.

சிக்கனக் கணக்கையும் முழுதாகப் போட வேண்டும். படகு, ட்ரெய்லர், இன்ஜின், சாமான் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை டன்னை நெருங்கும். அதை மேட்டில் இழுத்து, பள்ளத்தில் நிறுத்தக்கூடிய வண்டி வேண்டும். பழைய கேட்டலினா மலிவாகக் கிடைக்கலாம். அதற்காகவே வாங்கும் பெரிய வண்டியின் விலையையும் எரிபொருளையும் படகுக் கணக்கில் எழுதாதவர்தான் இதை ஏழையின் படகு என்பார்.

சாலையின் தர்க்கம் எந்த எல்லைவரை போகும் என்பதற்கு மெக்ரெகர் 26 உதாரணம். ராஜர் மெக்ரெகரின் நிறுவனம் 1986இல் இரும்புக்குப் பதில் தண்ணீரையே அடிப்பாரமாக்கிய படகைக் கொண்டுவந்தது. ஏரியில் இறங்கியதும் அடித்தொட்டியை நிரப்ப வேண்டும், கரையேறும்போது வடித்துவிடலாம். நிமிர்த்தி வைக்கும் பாரத்தைச் சாலையில் சுமக்க வேண்டியதில்லை என்பதால் எட்டு மீட்டர் படகைக்கூட நடுத்தர வண்டி இழுக்கும். பொறியியலாக இது புத்திசாலித்தனம். 1995இல் வந்த 26எக்ஸ் ஒரு படி மேலே போய் ஐம்பது குதிரைத்திறன் மோட்டாரையும் ஏற்றுக்கொண்டது. தொட்டியைக் காலியாக்கினால் மோட்டார் படகு, நிரப்பினால் பாய்மரப் படகு.

2002 ஜூலை 4 அன்று சாம்ப்ளெய்ன் ஏரியில் பதினொரு பேருடன் சென்ற அத்தகைய படகொன்று, தொட்டி காலியாக இருந்த நிலையில் கவிழ்ந்தது. அறைக்குள் இருந்த இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மது அருந்தி ஓட்டியதற்காகப் படகை ஓட்டியவர் தண்டிக்கப்பட்டார். தொட்டி நிரம்பாத படகு அதிகம் சாய்ந்தால் நிமிராமல் போகலாம் என்று கையேடு எச்சரித்திருந்தது. எனவே பழி முழுவதையும் வடிவமைப்பின்மீது போடுவது நியாயமாகாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரும்பு ஏரா, ஓட்டுபவர் மறந்தாலும் மயங்கினாலும் தன் வேலையைச் செய்யும். தண்ணீர்த் தொட்டி அந்த வேலையை மனிதரின் கவனத்திடம் ஒப்படைக்கிறது. விடுமுறை நாளில், விருந்தினர் கூட்டத்தில், மிக எளிதாகத் தளர்வது அதுதான்.

சிறு படகின் ஆதரவாளர்கள் இங்கே வீரர்களைச் சாட்சிக்கு அழைப்பார்கள். ஷேன் ஆக்டன் ஐந்தரை மீட்டர்ப் படகில் 1972இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி 1980இல் உலகைச் சுற்றித் திரும்பினார். ஃபிராங்க் டை, இயான் ப்ராக்டர் வடிவமைத்த, அறையே இல்லாத வேஃபேரர் படகில் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குப் போனார். அடுத்த ஆண்டு நார்வே பயணத்தில் புயலில் பலமுறை கவிழ்ந்து, பாய்மரம் முறிந்தும் கரை சேர்ந்தார். இவை படகின் தகுதிக்குச் சான்று என்பதைவிட, ஓட்டியவரின் தகுதிக்குச் சான்று. வார இறுதிக் குடும்பஸ்தர் இவற்றைத் தன் வானிலை முடிவுக்கு ஆதாரமாக்கினால் விளைவு விபரீதம்.

இந்தப் படகுமுறை எங்கே தன்னை நிரூபிக்கிறது என்பதற்கு வேறு சாட்சிகள் உண்டு. 2008இல் தொடங்கிய டெக்சஸ் 200, ஆழமில்லாத லகுனா மாட்ரே வழியாகக் கரையோரத்தில் ஏறக்குறைய இருநூறு மைல் பல நாள் ஓடும் கூட்டுப் பயணம். 2001 முதல் நடக்கும் எவர்கிளேட்ஸ் சேலஞ்ச், தாம்பா வளைகுடாவிலிருந்து கீ லார்கோ வரை சுமார் முந்நூறு மைல். படகை மணலிலிருந்து நீருக்குத் தள்ளுவதற்குப் படகிலேயே எடுத்துச் செல்லும் கருவிகளை மட்டும்தான் பயன்படுத்தலாம் என்பது அதன் விதி. இவை இரண்டும் சொல்வது ஒன்றே. ஆழமற்ற நீர், தூர தேசம், தொடர்ந்து பல நாட்கள்: இந்த மூன்றும் சேரும் இடத்தில் ட்ரெய்லர் படகுக்கு நிகர் இல்லை. ஒரு முறை மரம் நட்டு ஒரு வாரம் நீரில் இருந்தால், அந்த ஒரு மணி நேரம் உறுத்தாது. சனிக்கிழமைதோறும் நட்டுப் பிடுங்குபவருக்கு அதுவே தண்டனை.

வார இறுதி மட்டுமே வாய்ப்பவர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். பருவம் முழுக்கப் படகைத் துறையில் கட்டிவிட்டு, ட்ரெய்லரை ஆண்டுக்கு இருமுறை மட்டும் எடுக்கலாம். இல்லையேல் நாலரை மீட்டர் வெஸ்ட் வைட் பாட்டர் போல, ஒருவரே கையால் மரம் நிமிர்த்தக்கூடிய படகுக்கு இறங்கி வரலாம். விற்பவர்கள் சொல்வது இதற்கு நேர்மாறு. கேட்டலினா 22இல் ஐவர் படுக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். இருவருக்கு மேல் இரண்டு இரவு தங்கியவர்களுக்கு உண்மை தெரியும். படுக்கை எண்ணிக்கைக்குப் பக்கத்தில், ட்ரெய்லரிலிருந்து இறக்கிப் பாய் விரிக்க இருவருக்கு ஆகும் நேரத்தையும் அச்சிட வேண்டும் என்று ஒரு விதி வந்தால், பலர் இதைவிடச் சிறிய படகைத்தான் வாங்குவார்கள். வாங்கியதை ஓட்டவும் செய்வார்கள்.