ஐந்தெழுத்தில் சிக்கிய பெயர்

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளின் லேப்டாப்பில், சி டிரைவுக்குள் இருக்கும் 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் திறந்தால் விநோதமான பெயர்கள் கிடைக்கும். முத்துலட்சுமியும் 'முத்து', முத்துக்குமாரும் 'முத்து'. இனிஷியலைச் சேர்த்து மின்னஞ்சல் முகவரி வைத்த எஸ். கார்த்திக் 'ஸ்கார்ட்' ஆகியிருப்பார். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கொடுத்து முதல்முறை உள்ளே போகும்போது, மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து ஆங்கில எழுத்தை வெட்டியெடுத்து ஹோம் ஃபோல்டருக்குப் பெயர் வைத்துவிடுகிறது. நம்மிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சரி, மாத்திக்கலாம்னு செட்டிங்ஸுக்குப் போனால், மாறுவது லாகின் திரையில் தெரிகிற பெயர் மட்டும்தான். ஃபோல்டர் அப்படியே இருக்கும். உள்ளே கிடக்கிற பெயர்தானே, இதென்ன பெரிய விஷயம்னு கேட்பவர்கள் உண்டு. அண்ணனின் பழைய லேப்டாப்பை வாங்கிக்கொண்ட தங்கை, ஆன்லைன் இண்டர்வியூவில் திரையைப் பகிர்ந்தால் டெர்மினலின் ஒவ்வொரு வரியிலும் அண்ணன் பெயர் நிற்கும். அதுகூடப் பரவாயில்லை. அரசிதழில் அறிவிப்புக் கொடுத்து, ஆதார், பேங்க் என்று எல்லா இடத்திலும் பெயரை மாற்றிக்கொண்ட ஒரு திருநங்கைக்கு, விட்டுவந்த பெயரைத் தினமும் எடுத்துக் காட்டுவது அவருடைய சொந்தக் கம்ப்யூட்டர் என்றால்? அதைச் சின்னக் குறைன்னு ஒதுக்க என்னால் முடியவில்லை.

எனக்குக் கோபம் வருவது, இயந்திரத்துக்கு இந்தப் பெயர் தேவையே இல்லை என்பதால்தான். விண்டோஸ் ஒருவரை அடையாளம் காண்பது எஸ்.ஐ.டி. என்கிற நீளமான எண்ணை வைத்து. எந்த ஃபைல் யாருடையது என்பதும் அந்த எண்ணின் பேரில்தான் பதிவாகிறது. லினக்ஸிலும் இதே கதை. டெபியனில் முதல் பயனரின் எண் 1000. பெயர் அதன்மேல் ஒட்டிய சீட்டு. நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது. 2021-இல் நகராட்சி, மாநகராட்சி ஆனது. மேற்குத் தாம்பரத்தின் பின்கோடு அன்றும் 600045, இன்றும் 600045.

கம்ப்யூட்டரிலோ, எண் கையில் இருந்தும் ஒவ்வொரு புரோகிராமும் ஹோம் ஃபோல்டரின் முழுப் பாதையையும் தனக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. பைத்தானில் ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கினால், உருவாக்கிய இடத்தின் முழு முகவரி அதற்குள்ளேயே பதிந்துவிடும். ஃபோல்டர் பெயரை மாற்றினால் அது படுத்துவிடும்.

இந்த இடத்தில்தான் 'அஞ்சே நிமிஷம்' ரக வீடியோக்கள் வருகின்றன. ரெஜிஸ்ட்ரியில் 'புரொஃபைல்லிஸ்ட்' போ, உன் எஸ்.ஐ.டி.க்குக் கீழே இருக்கிற பாதையை மாத்து, ஃபோல்டரையும் ரீநேம் பண்ணு, முடிஞ்சுது. முடியாது. பழைய பாதையை எழுதி வைத்திருக்கிற புரோகிராம்கள் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கும். ரெஜிஸ்ட்ரியில் ஓர் எழுத்து தவறினால், காலியான தற்காலிக புரொஃபைலில் போய் நிற்பீர்கள். (ஃபைலெல்லாம் போச்சேன்னு பதற வேண்டாம், ஃபோல்டரில் அப்படியேதான் இருக்கும்.) அதைவிட, புது அக்கவுண்ட் தொடங்கி ஃபைல்களைக் காப்பி பண்ணிக்கொள்வது எவ்வளவோ மேல். அலுப்பான வேலை, ஆனால் நேர்மையானது.

லினக்ஸ் இதில் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. 'யூசர்மாட்' என்ற ஒரே கட்டளை பெயரையும் ஹோமையும் மாற்றி, உள்ளே இருப்பதையும் நகர்த்திவிடும். அந்தப் பயனர் லாகினில் இருந்தால் மறுத்துவிடும். இன்னொரு அட்மின் வழியாக வரணும். பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டுவிட்டால் பழைய முகவரியைத் தேடுகிற புரோகிராமும் வந்து சேர்ந்துவிடும். பழைய பெயர்ப்பலகை வாசலில் தொங்கிக்கொண்டே இருக்கும், அதுதான் விலை.

தமிழிலேயே பெயர் வைத்தால்? டெபியனின் 'ஆட்யூசர்' வழக்கமான அமைப்பில் ஏற்காது. விண்டோஸில் லோக்கல் அக்கவுண்டுக்கு 'கார்த்திக்'னு தமிழில் கொடுத்தால் ஃபோல்டரும் தமிழிலேயே உருவாகும். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் ரஷ்ய மொழிக்கும் கிரேக்கத்துக்கும் விண்டோஸில் பழைய 'கோட்பேஜ்' உண்டு. தமிழுக்கு அது கிடையாது, யூனிகோட் மட்டுமே. பழைய முறையில் எழுதிய புரோகிராமுக்கு 'கார்த்திக்' என்பது வெறும் கேள்விக்குறிகளின் வரிசை. விண்டோஸிலோ ஃபைல் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது. அப்புறம் அது ஃபோல்டரை எங்கே கண்டுபிடிப்பது? புள்ளியியல்காரர்களின் 'ஆர்' மொழி விண்டோஸில் யூனிகோடுக்கு முழுசாக மாறியதே 2022-இல் வந்த 4.2 பதிப்பில்தான்.

2025 அக்டோபரில், விண்டோஸ் 11-இன் சோதனைப் பதிப்பு ஒன்றில், நிறுவும்போதே ஃபோல்டர் பெயரைத் தேர்ந்தெடுக்க வழி வைத்தார்கள். எப்படி? ஷிஃப்டும் எஃப்10-உம் அழுத்தி, கறுப்பு ஜன்னலைத் திறந்து, கட்டளை அடிக்கணும். லேப்டாப் வாங்கின அன்னிக்கே இது யாருக்குத் தெரியும்? மின்னஞ்சலைக் கேட்கிற அதே பக்கத்தில் இன்னொரு பெட்டி வைத்திருக்கலாம்.